ஆடிக்காற்றும் ஆழ்குழாய் மோட்டாரும்

சென்ற இதழில் காற்றாலை மின்சாரம் பற்றி ஒரு வாசகருக்கு நான்கே வரியில் பதில் எழுதினேன். அது போதாது என்று இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காற்றைப் பற்றியே கேட்கின்றன. மீதி எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். வீட்டு மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று கேட்ட நால்வரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: பதில் சொல்கிறவன் 35 ஆண்டு மின்துறையில் இருந்தவன். கடைசிச் சில ஆண்டுகள், எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று நொடிக்கு நொடி சொல்லும் மின்பளு பகிர்வு மையத்தில் இரவும் பகலும் மீட்டர் முள்ளைப் பார்த்தே கழிந்தன. 2014இல் ஓய்வு பெற்று, இப்போது வெட்டாற்றங்கரையில் மூன்று ஏக்கர் குறுவை நடுகிறேன். நட்டு லாபம் பார்த்தேனா என்று யாரும் கேட்க வேண்டாம்.

கே: ஆடி பிறந்ததிலிருந்து தென்னை மட்டை பறக்கக் காற்றடிக்கிறது. காற்றாலை மின்சாரம் பொங்கி வழிவதாகச் செய்தித்தாளில் படிக்கிறேன். எங்கள் தெருவில் மட்டும் தினமும் இரண்டு முறை மின்சாரம் போய்விடுகிறதே, ஏன்?
*(மன்னார்குடி வாசகர்)*

ப: தென்னை மட்டை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அது 11 கிலோவோல்ட் கம்பியில் உரசினால் துணைமின் நிலையத்தில் பிரேக்கர் விழுந்து மின்சாரம் அறுந்துவிடும். ஆற்றில் வெள்ளம் போகும்போது உங்கள் வயல் வாய்க்காலில் தண்ணீர் இல்லையென்றால் மேட்டூரையா குறை சொல்வீர்கள்? வாய்க்கால் தூர் வாரியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். இதுவும் அப்படித்தான். கம்பியோரத்து மரங்களைக் கழிக்கச் சொல்லி லைன்மேனிடம் நச்சரியுங்கள்.

இவ்வளவு காற்றடித்தும் டெல்டாவில் ஏன் காற்றாலை வரிசைகள் இல்லை என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தென்மேற்குக் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களில் அது புனலில் ஊற்றிய எண்ணெய்போலக் குவிந்து பாய்கிறது. அந்த வாய்களின் முன்னால்தான் உடுமலை, ஆண்டிபட்டி, சுரண்டை, முப்பந்தல் காற்றாலைகள் நிற்கின்றன. நம்மிடம் வந்து சேர்வதற்குள் அது விசிறிபோல விரிந்து வேகம் குறைந்துவிடுகிறது. நம் அம்மியைப் பறக்கவைக்க அது போதும், லாபத்துக்குக் காற்றாலை ஓட்டப் போதாது.

கே: தேவைக்கு மேல் மின்சாரம் உற்பத்தியானால் கம்பியிலேயே நிற்காதா? 'கிரிட் தாங்காது' என்கிறார்களே, எதைத் தாங்காது?
*(கும்பகோணம், கல்லூரி மாணவி)*

ப: நிற்காதம்மா. மின்நிலையங்களையும் நம் வீடுகளையும் ஒன்றாகக் கட்டியிருக்கும் கம்பி வலைதான் கிரிட். ஜூன் 12 அன்று மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று, நான்கு நாளாகும். அந்த நாட்களில் ஆறே ஒரு நீளமான தொட்டி. மேலே கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் மணல் உறிஞ்சும், படுகை தாங்கும், மதகைப் பார்க்கும் லஸ்கர் ஷட்டரை ஏற்றி இறக்குவதற்கு அவகாசமும் இருக்கும். மின்கம்பிக்கு அப்படி ஒரு வயிறு கிடையாது. இந்த நொடி பிறக்கும் மின்சாரத்தை இந்த நொடியே யாராவது செலவழித்தாக வேண்டும்.

செலவழிக்க ஆளில்லாவிட்டால் கம்பி வெடிக்காது. நாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர்கள் அத்தனையும் பாரம் குறைந்த மாடுகள்போலக் கொஞ்சம் வேகம் பிடிக்கும். தேவை கூடினால் மேட்டில் ஏறும் வண்டி மாடுபோலத் தளரும். அந்த வேகத்தைத்தான் அதிர்வெண் என்கிறோம். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். 49.90க்கும் 50.05க்கும் இடையில் அதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரு கைப்பிடி இடைவெளிகூட இல்லை, பாருங்கள். தொண்ணூறுகளில் தென்னகத்தில் 48.5க்குக் கீழேயும் ஓட்டியிருக்கிறோம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் மின்விசிறி சோம்பலாகச் சுற்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு ஜூலை மாதச் சாயங்காலத்தைச் சொல்கிறேன். மணி ஆறு இருக்கும். ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரம். அதே நேரத்தில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் மழை இறங்கிக் காற்று படுத்துவிட்டது. திரையில் காற்றாலைக் கோடு படிக்கட்டில் உருண்ட தேங்காய்போல இறங்குகிறது. மேட்டூர் அனல் நிலையத்தின் பழைய நான்கு யூனிட்டும் சேர்ந்தால் 840 மெகாவாட். கிட்டத்தட்ட அவ்வளவு, ஒன்றரை மணி நேரத்தில் காணாமல் போனது. என் பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு காதிலும் இரண்டு தொலைபேசி வைத்திருந்தார். ஒன்றில் நீலகிரியின் குந்தா நீர்மின் நிலையத்திடம் "இன்னொரு மெஷினைப் போடுங்கள்", மற்றொன்றில் பெங்களூரிலிருந்த மண்டல மையத்திடம் "கொஞ்சம் கூடுதலாக இழுத்துக்கொள்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்". நான் டீயைக் கையில் எடுத்தது நினைவிருக்கிறது. குடித்தேனா என்பது நினைவில்லை.

அப்போது தென்னக கிரிட் தனித்தீவு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாக வடக்கோடு ஒத்திசைவாக இணைந்தது. அதற்குப் பிறகு காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே தாளம். முப்பந்தலில் காற்று நின்றால் அதன் சுமையைச் சிறிது சிறிதாக நாடே பகிர்ந்துகொள்கிறது. குளத்தில் குடம் தண்ணீர் எடுத்தால் மட்டம் தெரியாது, அண்டாவில் எடுத்தால் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

கே: காற்றாலைகள் மழை மேகத்தைக் கலைத்துவிடுகின்றன என்பது உண்மையா?
*(பேராவூரணி வாசகர்)*

ப: இல்லை. கோபுரம் நூறு மீட்டர் உயரம், மேகக்கூட்டம் கிலோமீட்டர் கணக்கில் உயரம். விசிறி மட்டையால் கோயில் யானையைத் துரத்த முடியுமா?

கே: வானிலை அறிக்கை இருக்கும் காலத்தில், காற்று எப்போது வரும், எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா?
*(மயிலாடுதுறை, ஓய்வுபெற்ற ஆசிரியர்)*

ப: முடியும், சொல்கிறார்கள். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு நாளைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக 96 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரம் வரும் என்று காற்றாலைக்காரர்கள் கணக்குக் கொடுக்க வேண்டும்.

சிக்கல் கணிதத்தில் இருக்கிறது. ஆசிரியரான உங்களுக்குப் பிடிக்கும். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வந்த காற்று 6 மீட்டராகக் குறைந்தால் மின்சாரம் பாதியாகக் குறையாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே வேகத்தைக் கணிப்பதில் செய்யும் சின்னப் பிழை, மின்சாரத்தில் பெரிய பிழையாகப் பூக்கிறது. மூன்று மீட்டருக்குக் கீழே இறக்கை சும்மா நிற்கும். 25 மீட்டரைத் தாண்டினால் உடைந்துவிடாமலிருக்கத் தானாகவே நிறுத்திக்கொள்ளும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்ததே, அந்த இரவில் அங்கே காற்றாலை இருந்திருந்தாலும் ஒரு யூனிட்கூடக் கொடுத்திருக்காது.

ஒரு காற்றாலையை மட்டும் பார்த்தால் குடிகாரன் நடைதான். ஆனால் நான்கு கணவாய்களிலும் பரவிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான காற்றாலைகளைக் கூட்டிப் பார்த்தால் தள்ளாட்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கோடு மென்மையாகிவிடும். ஒரு வாய்க்காலை நம்பாமல் பல தலைப்பிலிருந்து தண்ணீர் வாங்கும் ஏரிபோல.

கே: காற்று மின்சாரம் நிறையக் கிடைக்கும் நாட்களில் மேட்டூர் நீர்மின் நிலையத்தை நிறுத்திவைத்து, அந்தத் தண்ணீரை எங்களுக்காகச் சேமிக்கலாமே? இதை ஏன் யாரும் யோசிப்பதில்லை?
*(திருத்துறைப்பூண்டி, கடைமடை விவசாயி)*

ப: ஐயா, இந்த மாதம் வந்த கேள்விகளிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது. யோசித்திருக்கிறார்கள். ஆனால் மேட்டூரில் அது ஒத்துவராததற்குக் காரணமே நீங்கள்தான்.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அங்கே முதல் உரிமை பாசனத்துக்கு. குறுவைக்கும் சம்பாவுக்கும் எவ்வளவு திறக்க வேண்டுமோ அவ்வளவு திறப்பார்கள். போகிற தண்ணீர் போகிற வழியில் டர்பைனையும் சுற்றிவிட்டுப் போகிறது. கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை முதலிய கதவணைகளிலும் அதே தண்ணீர் மறுபடி மறுபடி மின்சாரம் தருகிறது. மின்சாரம் இங்கே நெல்லுக்குப் பாய்ந்து புல்லுக்கும் பொசிகிற கணக்கு. காற்று அதிகமாக இருக்கிறது என்று நான் மேட்டூர் மெஷினை நிறுத்தினால், தண்ணீரையும் நிறுத்த வேண்டும், அல்லது மின்சாரம் எடுக்காமல் வெறுமனே வெளியே விட வேண்டும். முதலாவதைச் செய்தால் நாலாம் நாள் நீங்கள் சாலை மறியலில் உட்காருவீர்கள். இரண்டாவதைச் செய்தால் தண்ணீரும் மிச்சமாகாது.

இதில் இன்னொரு விசித்திரம். மேட்டூர் திறக்கும் ஜூனும் காற்று உச்சத்துக்கு வரும் மாதங்களும் ஒன்றே. இரண்டுமே 'என்னை இப்போது எடுத்துக்கொள், இல்லாவிட்டால் வீண்' என்கிற ரகம். ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு சம்பந்தி வீட்டார் வந்த மாதிரி ஆகிவிடும் எங்கள் பாடு.

நீங்கள் சொல்கிற வித்தை மலைமேல் நடக்கிறது. குந்தா போன்ற நீர்த்தேக்கங்களில் பாசன நெருக்கடி இல்லை. காற்றடிக்கும்போது மூடிவைத்துக் காற்று படுக்கும்போது திறக்கலாம். ஆனைமலையில் காடம்பாறை இதைவிட ஒருபடி மேல். எண்பதுகளின் இறுதியிலிருந்து இருக்கிறது, 400 மெகாவாட். உபரி மின்சாரத்தைக் கொண்டு கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு இறைப்பார்கள். தேவைப்படும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். நூறு யூனிட் செலவழித்து இறைத்தால் எழுபது, எண்பது யூனிட் திரும்பக் கிடைக்கும். நஷ்டம்தானே என்றால், ஆம். நெல்லை அவித்து மூட்டை கட்டிக் குதிரில் வைத்தாலும் எலிக்குக் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் 5,000 மெகாவாட்டைத் தாண்டிக் காற்று தருகிற மாநிலத்தில் 400 மெகாவாட் குதிர் எந்த மூலைக்கு? குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். அதை இருபது ஆண்டு முன்பே கட்டியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கே: காற்று இருக்கும்போது நிலக்கரி நிலையங்களை அணைத்துவிட்டு, இல்லாதபோது ஏற்றிக்கொள்ள வேண்டியதுதானே?
*(பாபநாசம் வாசகர்)*

ப: கொதிகலன் ஸ்டவ் இல்லை, நெல் அவிக்கும் அடுப்பு. முழுக்க ஆறிப்போன அனல் யூனிட்டை மறுபடி முழு உற்பத்திக்குக் கொண்டுவர எட்டு மணி நேரத்துக்கும் மேலாகும். ஒவ்வொரு முறை ஆறிச் சூடேறும்போதும் குழாய்கள் விரிந்து சுருங்கி ஆயுள் குறையும். எனவே அணைக்க மாட்டார்கள், இறக்குவார்கள். 55 சதவீதம் வரை இறக்கி ஓட்ட வேண்டும் என்பது நடைமுறை. 40 வரை இறக்க வேண்டும் என்று 2023இல் விதி வந்திருக்கிறது, படிப்படியாக நடைமுறைக்கு வர வேண்டும். அதற்குக் கீழே இறங்க முடியாமல், காற்றும் நிற்காமல், தேவையும் குறைந்த இரவு இரண்டு மணிக்கு, "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று காற்றாலைக்காரரிடம் சொல்ல நேர்கிறது. விதிப்படி காற்று மின்சாரத்தை முதலில் எடுக்க வேண்டும். அவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். அந்தத் தொலைபேசியை எடுத்தவன் என்பதால் அவர்கள் பயன்படுத்திய சொற்களும் எனக்குத் தெரியும்.

இப்போது ஒரு வடிகால் கிடைத்திருக்கிறது. கரூர் பக்கம் புகளூருக்கு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 800 கிலோவோல்ட் நேர்திசை மின்னோட்டப் பாதை, 6,000 மெகாவாட் திறன். நமக்குப் பற்றாக்குறை வந்தால் அங்கிருந்து வரும், காற்று பொங்கினால் இங்கிருந்து அந்தப் பக்கம் அனுப்பவும் முடியும். பஸ்ஸில் போகும்போது அந்தக் கோபுரங்களைப் பார்த்தால் இது நினைவுக்கு வரட்டும்.

கே: காற்றாலையை நம்பிய ஆஸ்திரேலியா ஒரே நொடியில் இருண்டுவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. நமக்கும் அந்தக் கதி வருமா?
*(திருவாரூர் வாசகர்)*

ப: ஆஸ்திரேலியா முழுவதும் இல்லை, தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம். 2016 செப்டம்பர் 28. அன்று அங்கே சுமார் பாதி மின்சாரம் காற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது. சூறாவளி பெரிய கோபுரங்களை முறித்தது. இரண்டு நிமிடத்துக்குள் மின்னழுத்தம் ஆறு முறை சட்டென்று சரிந்து குழி விழுந்தது. 'இத்தனை முறைக்கு மேல் குழி விழுந்தால் விலகிக்கொள்' என்று பல காற்றாலைகளின் உள்ளே ஒரு கட்டளை எழுதப்பட்டிருந்தது. அது கிரிட்டை இயக்கியவர்களுக்கே தெரியாது. 456 மெகாவாட் ஏழு நொடிக்குள் விலகியது. பக்கத்து மாநிலப் பாதை அந்தப் பாரம் தாங்காமல் துண்டித்துக்கொண்டது. எட்டரை லட்சம் இணைப்புகள் இருண்டன. கட்டளையை மாற்றிய பிறகு அந்தக் குறை தீர்ந்தது. அடுத்த ஆண்டே அங்கே 100 மெகாவாட் பேட்டரி ஒன்றையும் நிறுவினார்கள்.

நீங்கள் திருவாரூர்க்காரர். ஆழித்தேரை வைத்தே மீதியைச் சொல்லிவிடலாம். தேர் ஒரு முறை உருள ஆரம்பித்தால், வடம் பிடிப்பவர்களில் நூறு பேர் கைவிட்டாலும் சட்டென்று நிற்காது. முட்டுக்கட்டை போட்டுத்தான் நிறுத்த வேண்டும். அனல், நீர்மின் நிலையங்களின் சுழலிகள் அப்படிப்பட்ட கனம். ஏதாவது ஒன்று விழுந்தாலும் மற்றவற்றின் ஓட்டமே சில நொடி தாங்கிப் பிடித்து நமக்கு அவகாசம் தரும். புதிய காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் மின்னணுக் கருவி வழியாக இணைபவை. கையால் தள்ளும் சப்பரம் மாதிரி, தள்ளுவதை விட்டால் நின்றுவிடும். தேரைக் குறைத்துச் சப்பரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், அந்தச் சில நொடி அவகாசத்தை வேறு வழியில் ஏற்பாடு செய்தாக வேண்டும். மின்னழுத்தம் குழி விழுந்தாலும் விலகாமல் நிற்க வேண்டும் என்று நம் நாட்டிலும் புதிய காற்றாலைகளுக்கு விதி இருக்கிறது. பழைய சிறிய காற்றாலைகளுக்கு அந்தத் திறமை கிடையாது. முப்பது ஆண்டான அவற்றைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரியவற்றை நிறுத்துவதுதான் வழி.

கே: எங்களுக்கு மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வருகிறது. பாம்புக்குப் பயந்துகொண்டு டார்ச் விளக்கோடு மோட்டார் போடப் போகிறார் என் கணவர். காற்று மின்சாரம் மிஞ்சும் பகலில் கொடுத்தால் என்ன? இது ஒரு பெண் கேட்கக்கூடாத கேள்வியா?
*(ஒரத்தநாடு வாசகி)*

ப: கேட்க வேண்டிய கேள்விதான், தாயே. என் தகப்பனார் பம்புசெட் கொட்டகையிலேயே கட்டில் போட்டுப் படுத்தவர். பலகையில் மூன்று குண்டு பல்பு. மூன்றும் ஒரே மாதிரி எரிந்தால் மும்முனை வந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்று மங்கினாலும் மோட்டாரைத் தொட மாட்டார். அந்த வெளிச்சம் முகத்தில் பட்டு விழிப்பதற்காகவே கட்டிலைப் பல்புக்கு நேராகப் போட்டிருந்தார்.

இரவில் கொடுத்ததற்குக் காரணம், அப்போது மற்றவர்களின் தேவை குறைவு. இன்று சூரிய மின்சாரம் வந்து கணக்கைப் புரட்டிவிட்டது. நண்பகலில்தான் மிச்சம். பாசன மோட்டார் மாதிரி வளைந்து கொடுக்கும் தேவை வேறு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியும் ஆலையும் காத்திருக்காது. பயிர் இரண்டு மணி நேரம் காத்திருக்கும். காற்றும் வெயிலும் கூடும் நேரத்தில் மோட்டார்களுக்குக் கொடுத்தால், உங்கள் வயலே இன்னொரு காடம்பாறை. மாலை ஆறு முதல் பத்து வரை மட்டும் நாம் மோட்டாரைத் தொடாமலிருக்க வேண்டும். இந்தப் பேரத்தை விவசாயச் சங்கங்களே முன்வந்து பேசலாம் என்பேன். கேட்டு வாங்காமல் காத்திருந்தால் பாம்புதான் வரும்.

ஆனால் நம் பக்கம் ஒரு குற்றம் இருக்கிறது. இப்போது எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டோம். மும்முனை வந்த கணமே எல்லா மோட்டாரும் ஒன்றாக எழுகின்றன. புறப்படும்போது மோட்டார் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். எங்கள் டிரான்ஸ்பார்மரில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார்கள் பதினான்கு. போன வருஷம் ஆனி மாதத்தில் பத்து நாளில் ஆறு முறை பீஸ் போனது. பீஸ் போடும் லைன்மேன் பையன் ஏழாவது முறை வந்தபோது என்னிடம், "நீங்கள்தானே சார் கிரிட்டையே ஓட்டினவர், இந்தப் பதினாலை ஓட்டக்கூடாதா?" என்றான்.

சுருக்கென்றிருந்தது. ஸ்டார்ட்டரோடு ஒரு டைமர் சேர்த்தால் போதும், மின்சாரம் வந்து இத்தனை நொடி கழித்துப் புறப்படு என்று வைக்கலாம். பதினான்கு பேரையும் ஆலமரத்தடியில் கூட்டினேன். ஆளுக்கு இருபது நொடி இடைவெளி என்பதில் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. யாருக்கு முதல் இருபது நொடி என்பதில்தான் ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில் வாய்க்கால் முறையையே வைத்துக்கொண்டோம்: கடைமடை மோட்டார் முதலில், தலைமடை கடைசியில். தலைமடை நான். மும்முனை வந்து நான்கு நிமிடம் இருபது நொடி கழித்து என் மோட்டார் எழுகிறது.